இரண்டாம் போகம் யாருக்கு?

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம் நமது வாசகர்களில் பலருக்குப் பழகிய இடம். தொழிலாளர் கமிஷனர் ஆபீசில் பேச்சுவார்த்தை என்றால் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இரவு ரயிலில் வந்து இறங்கி, அந்த வளாகத்து மரநிழலில் நாள் முழுவதும் காத்துக் கிடந்து, மறு தேதி வாங்கிக்கொண்டு திரும்பிய மில் தொழிலாளர்கள் எத்தனையோ பேர். அவர்கள் அண்ணா சாலையைக் கடக்கும்போது சற்றே தலைநிமிர்ந்து பார்த்திருந்தால், இருபுறமும் மாடிகளின் உச்சியில் நிற்கும் செல்போன் கோபுரங்களைக் கண்டிருப்பார்கள். இதுவரை அந்தக் கோபுரங்களுக்கு வாயும் காதும் மட்டுமே உண்டு. நம் பேச்சை வாங்கும். பிறர் பேச்சைத் தரும். இனி அவற்றுக்குக் கண்ணும் வைக்கப் போகிறார்கள். அந்தக் கண் யாருக்காகப் பார்க்கும், அதில் விளையும் லாபம் யார் மடியில் விழும் என்ற கேள்வியை இன்றே எழுப்பவேண்டும் என்று நாம் கருதுகிறோம். கோபுரம் ஏறிய பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.

விஷயம் இதுதான். 2030-ஐ ஒட்டி வரவிருக்கும் ஆறாம் தலைமுறை வலைப்பின்னல் எதற்கெல்லாம் பயன்பட வேண்டும் என்று சர்வதேச தொலைத்தொடர்பு யூனியன் 2023-ம் ஆண்டு ஆறு துறைகளை வகுத்தது. அவற்றுள் ஒன்று, செய்தி அனுப்புவதையும் சுற்றுப்புறத்தை உணர்வதையும் ஒரே கோபுரத்தில், ஒரே அலையில் இணைப்பது. அதே ஆண்டு மார்ச் 22-ந் தேதி நமது பிரதம மந்திரியும் டில்லியில் 'பாரத் 6ஜி' திட்ட அறிக்கையை வெளியிட்டார். செல்போன் தொழில்நுட்பத்துக்கு உலக அளவில் தரம் வகுக்கும் 3ஜிபிபி என்ற அமைப்பு, இந்த உணரும் வலைப்பின்னலுக்கு 32 உபயோகங்களைப் பட்டியல் போட்டு ஆராய்ந்திருக்கிறது. வீட்டுக்குள் அந்நியர் புகுந்தால் அறிவது, மழையை அளப்பது, ஆளில்லா விமானம் போகும் பாதையைத் தொடர்வது, தொழிற்சாலையில் தானே ஓடும் வண்டிகள் மோதாமல் பார்ப்பது, படுத்திருப்பவரின் மூச்சைக்கூட எண்ணுவது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கிணற்றங்கரையில் நின்று குரல் கொடுத்தால் குரல் திரும்பி வருகிறதல்லவா? அதுபோலவே கோபுரத்திலிருந்து புறப்படும் அலை லாரி மீதும், சுவர் மீதும், மனிதன் மீதும் பட்டுத் திரும்புகிறது. 150 மீட்டர் தூரத்தில் நிற்கும் பொருளைத் தொட்டுத் திரும்ப அலைக்கு ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தை அளந்தால் தூரம் தெரிகிறது. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உச்சமாகவும், கடந்து போகும் ரயிலின் ஊதல் தாழ்ந்தும் கேட்பதுபோல, திரும்பிவரும் அலையின் மாறுதலைக் கொண்டு வேகமும் தெரிகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலை பட்டுத் திரும்ப, அந்த மனிதன் கையில் செல்போன் இருக்கவேண்டிய அவசியமில்லை. உடம்பு இருந்தால் போதும்.

இது முற்றிலும் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1935 பிப்ரவரி 26-ந் தேதி இங்கிலாந்தில் டாவென்ட்ரி என்ற ஊரின் அருகே வாட்சன் வாட் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். பி.பி.சி. வானொலி நிலையம் நிகழ்ச்சி ஒலிபரப்புவதற்காக நிறுத்தியிருந்த டிரான்ஸ்மிட்டரின் அலையே, வானத்தில் பறந்த குண்டுவீச்சு விமானத்தின் மீது பட்டுத் திரும்பி அது இருப்பதைக் காட்டிக் கொடுத்தது. ராடார் பிறந்த கதை அது. ஜனங்களுக்குப் பாட்டும் செய்தியும் சொல்ல ஏற்பட்ட அலையிலிருந்துதான் ராடாரே பிறந்தது. பிறகு இரண்டும் பிரிந்து, ராடார் ராணுவத்துக்கும் வானிலை இலாகாவுக்கும் போயிற்று. செய்தி அலை கம்பெனிகளிடம் போயிற்று. இப்போது இரண்டையும் மறுபடி ஒரே வீட்டில் குடிவைக்கிறார்கள். வீட்டுச் சாவி கம்பெனியின் கையில்.

கம்பெனிகளுக்கு இதில் ஏன் இவ்வளவு ஆர்வம்? கணக்கைப் பார்த்தால் புரியும். 2022-ம் ஆண்டு நடந்த ஐந்தாம் தலைமுறை ஏலத்தில் அலைக்கற்றை மொத்தம் 1,50,173 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. ஜியோ மட்டும் 88,078 கோடிக்கு எடுத்தது. ஏர்டெல் 43,000 கோடிக்கு மேல். இந்தத் தொகையை இருபது வருஷத் தவணையில் கட்டலாம் என்று சர்க்கார் சலுகை கொடுத்தது. கோபுரமும் நட்டாயிற்று, கருவியும் வாங்கியாயிற்று. ஆனால் வேகமான இன்டர்நெட்டுக்காக மட்டும் ஜனங்கள் கூடுதலாகக் கொட்டிக் கொடுக்கத் தயாராக இல்லை. 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை ஏற்றின. ஜியோவின் 155 ரூபாய் மாதத் திட்டம் 189 ஆயிற்று. ஏர்டெல்லின் 179 ரூபாய் 199 ஆயிற்று. மூன்றும் ஒரே வாரத்தில் ஏற்றியதற்குப் பெயர் போட்டி என்று சொல்கிறார்கள்!

இப்படி நம்மிடம் கறந்தும் போதாமல், போட்ட முதலுக்கு வேறு வருமானம் தேடுகிறார்கள். அதே கோபுரம், அதே அலை, அதே மின்சாரம். அதில் சிறிது கருவியும் கம்ப்யூட்டர் வேலையும் சேர்த்தால் இரண்டாவது சரக்கு ஒன்று கிடைக்கிறது. சாலையில் எத்தனை வண்டி போகிறது என்ற விவரத்தை நகர நிர்வாகத்துக்கும், ஆளில்லா விமானம் எங்கே பறக்கிறது என்ற விவரத்தைப் போலீசுக்கும், கிடங்கில் யார் நடமாடுகிறார் என்ற விவரத்தை முதலாளிக்கும் விற்கலாம். முதல் சரக்குக்கு விலை கொடுத்தவர்கள் நாம். இரண்டாம் சரக்குக்கு அடக்கச் செலவு சொற்பம்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இதை விளக்க வேறு பாஷை வேண்டியதில்லை. ஊர்ப் பொது நிலத்தை ஒருவன் ஒரு போகத்துக்குக் குத்தகை பேசி எடுக்கிறான். பிறகு வாய்க்காலில் தண்ணீர் இருப்பதைப் பார்த்து இரண்டாம் போகமும் போட்டு அறுத்துக்கொள்கிறான். அந்த இரண்டாம் போகத்தில் ஊருக்குப் பங்கு உண்டா, இல்லையா? உண்டு என்று பச்சைப் பிள்ளையும் சொல்லும். வானத்து அலை பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்திருக்கிறது. அந்தப் பொதுச் சொத்தில்தான் இப்போது இரண்டாம் போகம் போட ஏர் கட்டுகிறார்கள்.

பங்கு விஷயத்தில் நடந்திருப்பதைத்தான் நம் வாசகர்கள் ஊன்றிப் படிக்கவேண்டும். 1999-ம் ஆண்டுக் கொள்கைப்படி, கம்பெனிகள் நிர்ணயமான லைசென்ஸ் கட்டணம் கட்டுவதற்குப் பதிலாக வருமானத்தில் ஒரு பங்கைச் சர்க்காருக்குத் தருவது என்று ஏற்பாடாயிற்று. பங்கு தரும் நாள் வந்தவுடன் எது வருமானம் என்ற வழக்கு ஆரம்பமாயிற்று. வாடகை வருமானம் கணக்கில் சேராது, வட்டி சேராது, சொத்து விற்றது சேராது என்று கம்பெனிகள் வருஷக் கணக்கில் கோர்ட்டில் வாதாடின. 2019 அக்டோபர் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, எல்லாம் வருமானமே, பாக்கியைக் கட்டுங்கள் என்று உத்தரவிட்டது. சம்பளப் பாக்கிக்காக வழக்காடிய மில் தொழிலாளிக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். தொழிலாளி கோர்ட்டில் ஜெயித்தால் முதலாளி அப்பீல் போகிறான். சர்க்கார் கோர்ட்டில் ஜெயித்தது; ஜெயித்த சர்க்காரே இரண்டு வருஷத்துக்குள் சட்டத்தை மாற்றிக்கொண்டது! 2021 செப்டம்பர் 15-ந் தேதி மத்திய மந்திரிசபை, தொலைத்தொடர்பு அல்லாத வருமானம் இனிமேல் பங்குக் கணக்கில் சேராது என்று முடிவு செய்தது. அதற்குப் பின் ஏலத்தில் எடுக்கும் அலைக்கற்றைக்கு வருஷாந்தர உபயோகக் கட்டணமும் கிடையாது என்று சேர்த்துக்கொண்டது. அதாவது 2022-ல் விலைபோன 1,50,173 கோடி ரூபாய் அலைக்கற்றைக்கு அந்தக் கட்டணம் இல்லை.

இனி நாளைக்கு என்ன நடக்கும்? கோபுரம் சாலையைப் பார்த்து விவரம் விற்றுப் பணம் வாங்கும். இது தொலைத்தொடர்பு வருமானமா, வேறு வருமானமா என்று கேட்டால் கம்பெனி வக்கீல் என்ன சொல்வார் என்பதை ஊகிக்கப் பெரிய சட்ட ஞானம் வேண்டாம். "ஐயா, இதில் பேச்சும் இல்லை, செய்தியும் இல்லை, நாங்கள் பார்த்ததைத்தானே விற்றோம்" என்பார். கதவு 2021-லேயே திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. வருமானப் பங்கு எட்டு சதவிகிதத்தில் ஐந்து சதவிகிதம், கிராமங்களுக்கு டெலிபோன் வசதி கொண்டுபோவதற்கென்றே ஏற்பட்ட நிதிக்குப் போகிறது. ஆகவே இரண்டாம் போகத்தில் பங்கு மறுக்கப்பட்டால் நஷ்டம் டில்லி கஜானாவோடு நிற்காது; கோபுரமில்லாத கிராமத்துக்கும் நஷ்டம்.

நஷ்டம் வரும்போது மட்டும் வேறு நியாயம் இருக்கிறது. வோடஃபோன் ஐடியா கம்பெனி கட்டவேண்டிய பாக்கியைப் பங்குகளாக எடுத்துக்கொண்டு, 2025-ல் சர்க்கார் அந்தக் கம்பெனியில் ஏறக்குறைய 49 சதவிகிதத்துக்குச் சொந்தக்காரர் ஆயிற்று. கடன் என்றால் பொதுச் சொத்து, லாபம் என்றால் தனிச் சொத்து.

கண் வைப்பதற்குச் செலவே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. அங்கேதான் நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள பேதம் வெளிப்படுகிறது. பேச்சு அலை ஒரு வழிதான் போகவேண்டும். உணரும் அலை போய்த் திரும்பவும் வேண்டும். தூரம் இரு மடங்கானால் பேச்சு அலையின் பலம் நாலில் ஒன்றாகக் குறைகிறது. எதிரொலியின் பலமோ பதினாறில் ஒன்றாகிவிடுகிறது. ஆகையால் நன்றாகப் பார்க்க வேண்டுமானால் கோபுரங்கள் நெருக்கமாக நிற்கவேண்டும். எங்கே நெருக்கமாக நிற்கின்றன? தேனாம்பேட்டையில், தியாகராய நகரில், அண்ணா சாலை நெடுகிலும். எங்கே வாங்குகிறவன் இருக்கிறானோ அங்கே கண் திறக்கும். மழையும் வெள்ளமும் வந்து குடிசையை அடித்துக்கொண்டு போகும் கிராமத்தில் அது மூடியே கிடக்கும். விஞ்ஞானத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. சந்தையிடம் விட்டால் அது போகும் வழி அது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களின் ஜனங்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி சுமார் 800 பிரயாணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. தாமிரபரணிக் கரையில் வாழையும் நெல்லும் மூழ்கின. கூலிக்கு வெட்டுபவனுக்கு வெட்ட வாழை இல்லை. முன்னெச்சரிக்கை போதவில்லை என்று மாநில சர்க்காரும், முன்பே சொன்னோம் என்று மத்திய சர்க்காரும் வெள்ளம் வடிவதற்கு முன்பே வாதாடத் தொடங்கின. சென்னைத் துறைமுகத்தில் 2002-லிருந்தே டாப்ளர் ராடார் இருக்கிறது. அது சென்னையைச் சுற்றிப் பார்க்கும்; தாமிரபரணி அதன் கண்ணுக்கு எட்டாத தூரம்.

ஆனால் தாமிரபரணிக் கரையிலும் செல்போன் கோபுரங்கள் உண்டு. கண்ணாடியிழை எட்டாத இடங்களில் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு மைக்ரோவேவ் அலை மூலமே செய்தி போகிறது. இரண்டுக்கும் நடுவே மழை பெய்தால் துளிகள் அலையின் பலத்தைக் குறைக்கின்றன. எவ்வளவு குறைந்தது என்பது கம்பெனியின் கம்ப்யூட்டரில் பதிவாகிறது. அந்தக் குறைவிலிருந்து எவ்வளவு மழை பெய்கிறது என்று கணக்கிட முடியும் என்பதை 2006-ல் டெல் அவிவ் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். ஹாலந்து நாட்டில் இதைக் கொண்டு நாடு முழுவதற்கும் மழைப்படம் போட்டு 2013-ல் காட்டினார்கள். நம் அண்டை நாடான இலங்கையில், டயலாக் கம்பெனியின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளின் விவரத்தை 2019-ல் மூன்றரை மாத காலம் எடுத்து, ஹாலந்து விஞ்ஞானிகள் மழையை அளந்து 2021-ல் பிரசுரித்தார்கள். நம்மைப் போன்ற வெப்ப தேசம். நம் வடகிழக்குப் பருவமழையே அங்கும் பெய்கிறது. புதுக் கோபுரம் வேண்டாம், புதுக் கருவி வேண்டாம், ஆறாம் தலைமுறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கம்பெனி தன் குறிப்பேட்டைத் திறந்து காட்டினால் போதும்.

இதனால் நாளைய மழையை இன்றே சொல்லிவிட முடியாது. பெய்கிற மழையைப் பெய்யும்போதே சொல்ல முடியும். மேலே மலையில் கொட்டுகிறது என்ற தகவல் சில மணி நேரம் முன்னால் கீழே கிராமத்துக்குக் கிடைத்தால், மாட்டை அவிழ்த்துவிடலாம், நெல் மூட்டையை மேட்டுக்கு ஏற்றலாம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடலாம். வெள்ளத்தில் மின்சாரம் போய் கோபுரமே ஊமையாகிவிட்டால் இந்த உதவியும் போய்விடும். ஆகவே பேட்டரியும் டீசலும் கோபுரத்தில் இருப்பதைக் கட்டாயமாக்கவேண்டிய காரியமும் கூடவே இருக்கிறது. இதில் வாங்குகிறவன் யார்? குடிசைக்காரன். அவனிடம் பணம் இல்லை. எனவே இந்த விவரம் சந்தையில் விலைபோகாது. விலைபோகாததை எந்தக் கம்பெனியும் தானாகத் தராது. 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், ஏலமில்லாமல் அலைக்கற்றை கொடுக்கவேண்டிய காரியங்களின் அட்டவணையில் வானிலை அறிவிப்பையும் பேரிடர் நிர்வாகத்தையும் சேர்த்திருக்கிறது. இவை பொதுக் காரியங்கள் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கும்போது, கோபுரங்களில் பதிவாகும் மழை விவரத்தை வானிலை இலாகாவுக்கும் பஞ்சாயத்துக்கும் இலவசமாகக் கொடு என்று லைசென்சில் ஒரு வரி எழுத என்ன தடை?

மில்லுக்குள் வருவோம். தெருக் கோபுரம் இன்று ஒரு தொழிலாளியைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் அளவுக்குக் கூர்மையானதல்ல. ஆனால் தொழிற்சாலைக்குள்ளே சொந்த வலைப்பின்னல் வைத்துக்கொள்ள 2022-லேயே சர்க்கார் வழி செய்திருக்கிறது. கூரையில் நெருக்கமாக வைத்த சிறு கருவிகளால் ஆள் நடமாட்டத்தை அறியமுடியும். காமிரா என்றால் கண்ணுக்குத் தெரியும். யூனியன் கேள்வி கேட்கும். இதுவோ செய்தி அனுப்பும் பெட்டிபோலத் தோன்றும். ஸ்பின்னிங் மில்லில் பெண் தொழிலாளி பாத்ரூம் போய்வர எத்தனை நிமிஷம், இரண்டு சைடுக்கு நடுவில் எத்தனை விநாடி நின்றாள் என்று கணக்கு எடுத்து, அதை வைத்து வேலைப்பளுவை ஏற்றினால் யாரிடம் முறையிடுவது? 2023-ம் ஆண்டுத் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் சம்மதத்தைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. பொத்தானை அழுத்திச் சம்மதம் கொடுப்பது போனுக்குச் சரி. போனே இல்லாத உடம்பு எந்தப் பொத்தானை அழுத்தும்?

கற்பனை பயம் என்று சிலர் சொல்லக்கூடும். நூறு நாள் வேலையில் நடந்ததை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். 2023 ஜனவரி 1 முதல், காலையும் மத்தியானமும் செல்போனில் படம் எடுத்து அனுப்பினால்தான் வருகை என்று கட்டாயமாக்கினார்கள். ஊழலைத் தடுக்க என்றார்கள். சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில் மண் வெட்டிய கிழவிக்கு அன்றைய கூலி பதிவாகவில்லை. தொழிலாளியைக் கண்காணிக்கத்தான் வலைப்பின்னல் முதலில் வந்தது. அவளுக்குச் சிக்னல் கொடுக்க அது வரவில்லை.

யந்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நாம் விரோதிகள் என்ற பழைய பல்லவியை மறுபடி பாடுவார்கள். பஞ்சாலைகளில் தானியங்கித் தறி வந்த காலத்திலும் இதையே பாடினார்கள். தறியை யாரும் எதிர்க்கவில்லை. ஒருவன் தலையில் எத்தனை தறி, மிச்சமாகும் கூலி யாருக்கு என்பதே அன்றைய தகராறு. இங்கும் அதுவே. இந்த விஞ்ஞானத்துக்கு விதை நெல் கொடுத்ததே பொதுப் பணம். அடையாறுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று, எட்டு ஸ்தாபனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஐந்தாம் தலைமுறைச் சோதனைக்கூடத்துக்கு மத்திய சர்க்கார் சுமார் 220 கோடி ரூபாய் செலவிட்டது. 2022 மே 17-ல் அது திறக்கப்பட்டது. நம் பிள்ளைகள் படிக்கும் ஸ்தாபனம், நம் வரிப்பணம். பொதுத்துறை பி.எஸ்.என்.எல்.-லோ, தனியார் ஐந்தாம் தலைமுறையை 2022 அக்டோபரில் ஆரம்பித்துவிட்ட பிறகும் மூன்று வருஷம் காத்திருந்து, 2025 செப்டம்பர் 27-ல்தான் சுதேசி நாலாம் தலைமுறையைத் தேசமெங்கும் தொடங்க முடிந்தது. அதில் சுமார் 97,500 கோபுரங்கள் சேர்ந்தன. வாங்க ஆளில்லாத கிராமத்திலும் நிற்கும் கோபுரங்கள் பல அதனுடையவை. மழையை அளக்கும் வேலையை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். கம்பெனிகளின் கருணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆறாம் தலைமுறைக்கு எந்த அலைகளை ஒதுக்குவது என்பது 2027-ம் ஆண்டு உலக ரேடியோ மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. 7 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளும் அதில் அடங்கும். அதன் பிறகு இங்கே ஏலம், நிபந்தனை, லைசென்ஸ் என்று காரியங்கள் வேகமாக நடக்கும். அதற்கு முன்பாகவே, கோபுரம் பார்த்து விற்கும் விவரத்தின் வருமானத்தையும் பங்குக் கணக்கில் சேர்த்து நிபந்தனை எழுதவேண்டும் என்று மத்திய சர்க்காரை வற்புறுத்துகிறோம். மாநில சர்க்கார், தாமிரபரணி, காவிரி, வைகைக் கரைகளில் கோபுர மழை அளவைச் சோதித்துப் பார்க்க வானிலை இலாகாவோடு உடனே பேசவேண்டும். மில்களில் யூனியன் கையெழுத்தில்லாமல் இத்தகைய கருவி ஒன்றும் கூரையில் ஏறக்கூடாது என்ற ஷரத்தை, அடுத்த கோரிக்கைப் பட்டியலிலேயே நம் சங்கங்கள் எழுதிச் சேர்க்கவேண்டும். தேனாம்பேட்டையில் அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் தோழர்கள், போனஸ் பைலோடு அந்தக் காகிதத்தையும் கையில் எடுத்துச் செல்லட்டும்.